கிரைஸ்ட்சர்ச்சின் மூன்று பயிற்சியாளர்கள்

கிரைஸ்ட்சர்ச் நகரத்தின் குருசேடர்ஸ் ரக்பி அணிக்குப் பயிற்சியாளர்களாக இருந்த மூன்று பேர் வென்று கொடுத்த, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் கழக அணிகள் மோதும் சூப்பர் ரக்பி பட்டங்கள் மட்டும் 14. வெய்ன் ஸ்மித் இரண்டு, ராபி டீன்ஸ் ஐந்து, ஸ்காட் ராபர்ட்சன் ஏழு. நியூசிலாந்தின் உள்நாட்டு ரக்பியில் இதற்கு மேல் சாதிக்க ஒன்றும் இல்லை. ஆனால் இந்த மூவரில் ஒருவர்கூட நியூசிலாந்து தேசிய அணியான ஆல் பிளாக்ஸின் தலைமைப் பயிற்சியாளராக ஓர் உலகக்கோப்பைக்குப் போனதில்லை. ஸ்மித்துக்கு இரண்டு ஆண்டுகள் கிடைத்தன. டீன்ஸுக்கு அந்த நாற்காலி கிடைக்கவே இல்லை. ராபர்ட்சனுக்குக் கிடைத்தது, 2027 உலகக்கோப்பை வரை ஒப்பந்தமும் இருந்தது. 2026 ஜனவரியில், பாதி வழியிலேயே, அவரை இறக்கிவிட்டார்கள்.

நான் வெலிங்டனில் வசிப்பவன். கண்டியில் வளர்ந்ததால் ரக்பி எனக்கு இங்கே வந்து தொற்றிக்கொண்ட பழக்கம் அல்ல. இந்த ஊர் அலுவலகத்தில் எனக்கு எதிர்மேசையில் உட்கார்ந்திருப்பவர் கிரைஸ்ட்சர்ச் இருக்கும் கான்டர்பரிப் பகுதிக்காரர். 2019 டிசம்பரில் ராபர்ட்சனை விட்டுவிட்டு இயன் ஃபாஸ்டரைத் தேசிய அணிக்கு நியமித்தபோது அவர் பட்ட கோபம் இன்னும் ஆறவில்லை. “எங்கள் ஆள் வரிசையாகக் கோப்பை வாங்குகிறார், ஒரு கோப்பையும் வாங்காதவருக்கு வேலையா?” என்பது அவருடைய கேள்வி. அன்றைக்கு நாடு முழுவதும் பாதிப் பேர் கேட்டதும் இதைத்தான். அந்தக் கேள்விக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: உள்நாட்டுப் பட்டம் என்பது தேசிய அணிக்கான தகுதிச் சான்றிதழ் என்ற அனுமானம். எங்கள் தேநீர் இடைவேளைச் சண்டைகளெல்லாம் அதைப் பற்றியவைதாம்.

இதற்கு நேர் எதிரான மனநிலையும் உலகத்தில் உண்டு. உள்ளூர் மாடு விலை போகாது என்கிற மனநிலை. இலங்கையில் கழகப் போட்டியைக் கண்டி அணி ஆண்டுக்கு ஆண்டு அள்ளிக்கொண்டு போகும். தேசிய அணிக்கு ஆள் தேடும்போது மட்டும் ஃபிஜி, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து என்று கண்கள் கடல் கடந்துவிடும். இங்கிலாந்துகூட 2015இல் அப்படித்தான் செய்தது. சொந்த மண்ணில் நடந்த உலகக்கோப்பையில் முதல் சுற்றிலேயே வெளியேறியதும், ஸ்டூவர்ட் லான்காஸ்டரை அனுப்பிவிட்டு, சர்வதேச அனுபவம் உள்ளவர்தான் வேண்டும் என்று ஆஸ்திரேலியரான எடி ஜோன்ஸைக் கூட்டி வந்தது. இங்கிலாந்து அணிக்கு அவர்தான் முதல் வெளிநாட்டுப் பயிற்சியாளர். நியூசிலாந்து இன்றுவரை அந்தப் பக்கம் திரும்பியதில்லை. ஆல் பிளாக்ஸுக்கு வெளிநாட்டவர் ஒருவர் பயிற்சியளிப்பதை இந்த நாடு கற்பனை செய்யவும் மறுக்கும். ஆகவே இங்கே கேள்வி உள்ளூரா வெளியூரா என்பதல்ல. எந்த உள்ளூர்க்காரர் என்பதுதான்.

ஸ்மித்தின் கதையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் மறந்துவிட்டார்கள். 1998, 1999 என்று அடுத்தடுத்து இரண்டு பட்டங்கள். 1999 உலகக்கோப்பை அரையிறுதியில் பிரான்ஸிடம் 43-31 என்று தோற்று நாடே துக்கம் காத்துக்கொண்டிருந்த நேரம். ஜான் ஹார்ட் விலகினார். கிரைஸ்ட்சர்ச்சின் வெற்றியாளர் வந்தார். 2000ஆம் ஆண்டில் சிட்னியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் ஆஸ்திரேலியாவை 39-35 என்று வென்ற ஆட்டம் அவர் காலத்தது. ஆனால் ஆஸ்திரேலியாவோடு மோதும் பிளெடிஸ்லோ கோப்பை இரண்டு ஆண்டும் கை நழுவியது. பரிசீலனையின்போது, இந்த வேலைக்கு நான்தான் சரியான ஆளா என்ற ஐயத்தை அவர் மறைக்காமல் சொன்னார். நியூசிலாந்து ரக்பி நிர்வாகத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஜான் மிட்செல் வந்தார்.

பிறகு நடந்ததுதான் சுவையானது. ஸ்மித் இங்கிலாந்தின் நார்தாம்ப்டனுக்குப் போனார், திரும்பி வந்தார், 2004 முதல் ஆல் பிளாக்ஸில் கிரகாம் ஹென்றிக்கும் அவருக்குப் பின் ஸ்டீவ் ஹான்சனுக்கும் துணைப் பயிற்சியாளராக இருந்து 2011, 2015 இரண்டு உலகக்கோப்பை வெற்றிகளிலும் பங்கு பெற்றார். 2022இல் பெண்கள் அணியான பிளாக் ஃபெர்ன்ஸின் பொறுப்பை ஏற்று, ஈடன் பார்க்கில் இங்கிலாந்தை 34-31 என்று வீழ்த்தி அந்த உலகக்கோப்பையையும் வாங்கிக் கொடுத்தார். 2000இல் இருந்த ஸ்மித்தும் 2022இல் இருந்த ஸ்மித்தும் ஒரே மூளைக்காரர்தான். இடையில் நடந்தது இருபதாண்டுப் படிப்பு. அந்தப் படிப்பைச் சூப்பர் ரக்பி அவருக்குக் கொடுக்கவில்லை.

டீன்ஸ் கதை வேறு விதம். மிட்செலுக்குத் துணையாக ஆல் பிளாக்ஸில் இருந்தவர், 2003 உலகக்கோப்பைத் தோல்வியைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். 2007இல் ஹென்றியின் அணி கார்டிஃபில் பிரான்ஸிடம் காலிறுதியிலேயே 20-18 என்று தோற்றபோது, டீன்ஸ்தான் அடுத்தவர் என்று தெருவில் போகிறவர்கள்கூடச் சொன்னார்கள். நிர்வாகம் தோற்ற ஹென்றியையே மறுபடி நியமித்தது. டீன்ஸ் ஆஸ்திரேலியாவுக்குப் போய் அந்நாட்டுத் தேசிய அணியான வாலபீஸின் முதல் வெளிநாட்டுப் பயிற்சியாளர் ஆனார். 2011இல் நியூசிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் ஆடிய மும்முனைத் தொடரை வென்றார். அதே ஆண்டில் சமோவாவிடம் சொந்த மண்ணில் 32-23 என்று தோற்றார். 2013இல் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணியிடம் தொடரை இழந்ததும் பதவி போனது. மோசமான பயிற்சியாளரா? இல்லவே இல்லை. ஆனால் குருசேடர்ஸில் அவர் தொட்டதெல்லாம் துலங்கியதே, அந்தக் கை ராசி சிட்னிக்கு வரவில்லை. ஹென்றியோ 2011இல் கோப்பையைத் தூக்கினார், 8-7 என்ற நூலிழையில்.

இப்போது ராபர்ட்சன். ஏழு பட்டங்கள், 2017 முதல் 2023 வரை ஆண்டுக்கு ஒன்று, இடைவெளியே இல்லை. இறுதிப்போட்டி முடிந்ததும் மைதானத்தில் விழுந்து புரண்டு பிரேக் டான்ஸ் ஆடும் மனிதர். அந்த ஆட்டத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் உண்டு, எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஏழையும் ஒரே தராசில் போட முடியாது. முதல் மூன்றில், சூப்பர் ரக்பியில் தென்னாப்பிரிக்க அணிகளும் அர்ஜென்டினாவின் ஹாகுவாரெஸும் இருந்தன. 2017 இறுதிப்போட்டி ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க்கில் நடந்தது. கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டர் உயரத்தில், எதிரியின் கோட்டையில், அந்த ஊரின் லயன்ஸ் அணியை 25-17 என்று வென்று வந்தது குருசேடர்ஸ். அந்த ஆட்டத்தில் முதல் பாதி முடியும் முன்பே லயன்ஸின் குவாகா ஸ்மித் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2019 இறுதியில் ஹாகுவாரெஸை 19-3 என்று அமுக்கியதும் எளிதான வேலை அல்ல.

2020இல் பெருந்தொற்று வந்தது. எல்லைகள் மூடின. தென்னாப்பிரிக்க அணிகள் வடக்கே திரும்பி ஐரோப்பியப் போட்டிகளில் சேர்ந்துவிட்டன. ஹாகுவாரெஸ் இல்லாமலே போயிற்று. அதன் பிறகு குருசேடர்ஸ் வென்ற நான்கு பட்டங்களும் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவு அணிகளோடு மோதி வென்றவை. சூப்பர் ரக்பி வேகமான ஆட்டமாக மாறியது. பந்து சும்மா கிடக்கும் நேரத்தைக் குறைக்கத் தனி விதித் திருத்தங்களும் கொண்டுவந்தார்கள். பார்க்க அழகுதான், வெள்ளிக்கிழமை மாலை குடும்பத்தோடு போய் உட்காரத் தோதான ஆட்டம். ஆனால் இரண்டு பக்கத்து முன்கள வீரர்களும் குனிந்து கட்டிக்கொண்டு தள்ளும் ஸ்க்ரம் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் நேரத்தைத் தின்று, எதிரியின் மூச்சைப் பிழிந்து, எண்பதாவது நிமிடத்தில் கழுத்தைப் பிடிக்கும் தென்னாப்பிரிக்கப் பாணியை வாரா வாரம் எதிர்கொள்ளும் வாய்ப்பு, ஆட்டக்காரர்களுக்கும் போயிற்று, பயிற்சியாளர்களுக்கும் போயிற்று. இதைச் சொன்னால் என் கான்டர்பரி நண்பர் “தோற்றவர்கள்தான் போட்டியின் தரத்தைப் பற்றிப் பேசுவார்கள்” என்பார்.

2024 ஆகஸ்ட் 31. அதே எல்லிஸ் பார்க். ராபர்ட்சன் இப்போது ஆல் பிளாக்ஸ் பயிற்சியாளர். கடைசிக் கட்டத்தில் நியூசிலாந்து 27-17 என்று முன்னிலை. தென்னாப்பிரிக்கா மாற்று வீரர்களை இறக்கியது. அவர்களில் ஒருவர் கோட்டைத் தாண்டி ட்ரை போட்டார். யாரென்று நினைக்கிறீர்கள்? குவாகா ஸ்மித். ஏழாண்டுகளுக்கு முன் அதே புல்தரையிலிருந்து வெளியேற்றப்பட்டவர். சற்று நேரத்தில் இன்னொரு மாற்று வீரர் கிராண்ட் வில்லியம்ஸும் ஒன்று போட, ஆட்டம் 31-27 என்று முடிந்தது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் வெலிங்டனில் அர்ஜென்டினாவிடம் 38-30 என்று தோற்றிருந்தது நியூசிலாந்து. அன்றும் கடைசி நேரத்தில் வெற்றியை உறுதி செய்த ட்ரை ஒரு மாற்று வீரருடையது: 39 வயது அகுஸ்டின் கிரேவி. கடைசி இருபது நிமிடங்களில் கை ஓங்கியிருப்பதற்குப் பதில் உறைந்துபோகும் பழக்கம் அந்தப் பருவம் முழுக்கத் தொடர்ந்தது.

மாற்று வீரர்களைப் பயன்படுத்துவது ஏதோ கடைசி நிமிட அதிர்ஷ்டம் என்று நினைப்பவர்கள் தென்னாப்பிரிக்காவின் ராஸி எராஸ்மஸைக் கவனித்ததில்லை. எட்டு மாற்று வீரர்களில் ஆறு பேரை, சில ஆட்டங்களில் ஏழு பேரையே முன்களப் பலசாலிகளாக வைத்துக்கொண்டு, ஆட்டத்தை இரண்டு அணிகள் அடுத்தடுத்து ஆடும் ஆட்டமாக அவர் மாற்றிவிட்டார். அப்படி ஒரு கணக்கை உள்நாட்டுப் போட்டியில் போட வேண்டிய தேவையே குருசேடர்ஸ் பயிற்சியாளருக்கு வந்ததில்லை. பெரும்பாலான ஆட்டங்களில் ஐம்பதாவது நிமிடத்துக்குள் முடிவு தெரிந்துவிடும். மாற்று வீரர்கள் அனுபவம் பெறுவதற்காக இறங்குவார்கள்.

இதைவிடப் பெரிய வித்தியாசம் நேரம். குருசேடர்ஸ் பயிற்சியாளர் கோடைக்காலத்திலேயே ஆட்டக்காரர்களைக் கூட்டிவிடுவார். பருவம் முடியும்வரை மாதக்கணக்கில் அவர்கள் தினமும் அவர் கண் முன்னால். ராபர்ட்சன் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கருப்பொருளைத் தேர்ந்தெடுத்து, அதைச் சுற்றியே அணியின் பேச்சையும் மூச்சையும் அமைப்பவர். அது மெதுவாக ஊற வேண்டிய சங்கதி. நாடுகள் மோதும் டெஸ்ட் ஆட்ட வாரத்தில் ஊற நேரம் ஏது? ஞாயிறோ திங்களோ கூடுவார்கள். பாதிப் பேருக்கு முந்தைய ஆட்டத்தின் வலி. செவ்வாயும் வியாழனும்தான் உருப்படியான பயிற்சி. வியாழனன்று அணிப் பட்டியல் அறிவிக்க வேண்டும், வெள்ளியன்று தலைவரின் மேற்பார்வையில் ஒரு லேசான ஓட்டம், சனியன்று ஆட்டம். ஐந்து வெவ்வேறு கழகங்களில் பந்தை ஓரத்திலிருந்து உள்ளே எறியும் லைன்அவுட்டுக்கு ஐந்து விதமான குறியீடுகளைப் பழகியவர்களை இந்த இரண்டு பயிற்சிகளுக்குள் ஒரே மொழி பேச வைக்க வேண்டும். அன்றாடம் நெருக்கமாகப் பழகியே ஆளை வளர்க்கிறவருக்கு, ஆண்டுக்கு 13, 14 ஆட்டங்கள் மட்டுமே உள்ள இந்த வேலை மூச்சு முட்டும்.

ஆட்களும் அவர் கேட்டபடி கிடைக்கவில்லை. குருசேடர்ஸின் ஏழு பட்டங்களிலும் பத்தாம் எண் சட்டை அணிந்து ஆட்டத்தை நடத்தியவர் ரிச்சி மோ'உங்கா. முதல் மூன்று பட்டங்களில் அணித் தலைவர் சாம் ஒயிட்லாக். 2023 உலகக்கோப்பை முடிந்ததும் மோ'உங்கா ஜப்பானுக்கும் ஒயிட்லாக் பிரான்ஸுக்கும் போய்விட்டார்கள். நியூசிலாந்தில் ஆடுபவர்களை மட்டுமே ஆல் பிளாக்ஸில் சேர்ப்பது என்ற விதியை நிர்வாகம் தளர்த்தவில்லை. அதாவது, ராபர்ட்சனின் தகுதிக்குச் சான்றாகக் காட்டப்பட்ட ஏழு கோப்பைகளையும் அவரோடு சேர்ந்து வென்ற ஆட்டக்காரரை அவர் தேர்வு செய்யவே முடியாது. எராஸ்மஸ் ஜப்பானிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் வேண்டியவர்களை அழைத்துக்கொள்கிறார். விதியைப் பற்றி இங்கே எனக்குத் தனிக் கருத்து உண்டு. உள்நாட்டுப் போட்டியைக் காப்பாற்ற அது தேவைதான் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த விதியை வைத்துக்கொண்டு, அது இல்லாதவரோடு மோதச் சொல்லிவிட்டு, ஏன் தோற்றாய் என்று கேட்பது நியாயமில்லை.

2025 செப்டம்பர் 13 அன்று வெலிங்டன் ஸ்கை மைதானத்தில் நான் இருந்தேன். முந்தைய சனிக்கிழமைதான் ஈடன் பார்க்கில் தென்னாப்பிரிக்காவை 24-17 என்று வென்றிருந்ததால், ரயில் நிலையத்திலிருந்து மைதானத்துக்குப் போகும் நடைமேம்பாலத்தில் நல்ல உற்சாகம். இடைவேளையில் நியூசிலாந்து 10-7 என்று முன்னிலை. இரண்டாம் பாதியில் நியூசிலாந்து எடுத்த புள்ளிகள் பூஜ்யம். தென்னாப்பிரிக்கா எடுத்தது 36. மொத்தம் 43-10. ஆல் பிளாக்ஸின் நூற்றாண்டு தாண்டிய வரலாற்றில் இத்தனை பெரிய இடைவெளியில் தோற்றதில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது புள்ளிப் பலகையை அல்ல, ஸ்க்ரமை. இரண்டாம் பாதியில் ஒவ்வொரு முறை இரண்டு பக்கமும் குனிந்து கட்டிக்கொள்ளும்போதும் கறுப்புச் சட்டைகளின் கால்கள் பின்னால் வழுக்கின. புல் பெயர்ந்து மண் தெரிந்தது. எனக்கு முன்வரிசையில் ஒரு தாத்தா தன் பேரனிடம் ஒவ்வொரு ஸ்க்ரமுக்கும் முன்பாக என்ன நடக்கப்போகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சொன்னபடியேதான் நடந்தது. அவருக்குத் தெரிந்தது பயிற்சியாளர் அறைக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும் அந்த அரை மணி நேரத்துக்குள் மாற்ற முடியவில்லை. மாற்றுவதற்கான கருவிகளைப் பருவம் முழுக்க எடுத்துச் சேர்த்திருக்க வேண்டும்.

நவம்பரில் டுவிக்கன்ஹாமில் இங்கிலாந்திடம் 33-19. ஜனவரியில் பதவி போயிற்று. ராபர்ட்சனின் கணக்கு 27 டெஸ்டுகளில் 20 வெற்றிகள். வேறு எந்த நாட்டிலும் இந்த எண்களைக் காட்டினால் சம்பள உயர்வு கொடுப்பார்கள். அவருக்கு முன்பிருந்த ஃபாஸ்டரின் கணக்கு 46இல் 32. விகிதப்படி ராபர்ட்சன்தான் மேல். ஆனால் ஃபாஸ்டர் உலகக்கோப்பை இறுதிவரை போனார். 2023இல் பாரிஸில், சாம் கேன் சிவப்பு அட்டை பெற்றதால் 14 பேராக ஆடி, தென்னாப்பிரிக்காவிடம் 12-11 என்று ஒரே புள்ளியில் தோற்றார். சூப்பர் ரக்பியின் சீஃப்ஸ் அணியில் எட்டு ஆண்டுகள் இருந்து ஒரு பட்டமும் வாங்காதவர் அவர்.

ஃபாஸ்டர் எப்படித் தப்பினார் என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2022இல் அயர்லாந்து இங்கே வந்து தொடரை 2-1 என்று வென்றுவிட்டுப் போனது. துணைப் பயிற்சியாளர்கள் இருவர் நீக்கப்பட்டார்கள். குருசேடர்ஸிலிருந்து ஜேசன் ரயான் முன்கள வீரர்களுக்குப் பயிற்சியளிக்க வந்தார். அயர்லாந்துக்குத் தலைமைப் பயிற்சியாளராக ஆறாண்டு இருந்த ஜோ ஷ்மிட் தேர்வுக்குழுவிலிருந்து பயிற்சிக்குழுவுக்குள் வந்தார். அடுத்த ஆண்டு உலகக்கோப்பைக் காலிறுதியில் அதே அயர்லாந்தை 28-24 என்று வீழ்த்தியது நியூசிலாந்து. அயர்லாந்தின் ஆட்டத்தை வடிவமைத்தவரே எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதைத் தற்செயல் என்று சொல்ல மாட்டேன். ராபர்ட்சனோ உள்நாட்டு அணிகளில் தலைமை வகித்தவர்களையும் குருசேடர்ஸ் காலத்து நண்பர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டார். அன்றாடம் களத்தில் நின்ற அந்தக் குழுவில் ஒரு பெரிய தேசிய அணியைத் தலைமையேற்று நடத்தியவர் இல்லை. அவர்களிலும் லியோன் மெக்டொனால்டு ஐந்து டெஸ்டுகளுக்குள் விலகிவிட்டார்.

வேல்ஸ் நாட்டுக்கு நியூசிலாந்து நன்றிக் கடன்பட்டிருக்கிறது என்று நான் சொல்வதுண்டு. ஹென்றி ஆக்லாந்தில் எல்லாம் வென்ற பிறகு 1998இல் வேல்ஸுக்குப் போனார். கோபமடைந்த நியூசிலாந்து நிர்வாகம், வேறு நாட்டுக்குப் பயிற்சியளித்தவருக்கு ஆல் பிளாக்ஸில் இடமில்லை என்று ஒரு நிபந்தனையே கொண்டுவந்தது. நல்லவேளை, பிறகு அதைக் கைவிட்டார்கள். வேல்ஸில் அவரை முதலில் தலையில் தூக்கி வைத்தார்கள். 2002 பிப்ரவரியில் அயர்லாந்திடம் 54-10 என்று தோற்றதும் அவர் விலகினார். அந்த இடத்துக்கு வந்த ஹான்சன் ஐரோப்பாவின் 2003 ஆறு நாடுகள் போட்டியில் ஐந்து ஆட்டங்களையும் தோற்றார். ஐந்தையும்! இருவரும் அந்தக் காயங்களோடு நாடு திரும்பி, 2004இல் ஸ்மித்தையும் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மூன்று பேரும் தேசிய அணியில் உதை வாங்கியவர்கள். அடுத்த பதினோரு ஆண்டுகளில் இரண்டு உலகக்கோப்பைகள். ஹான்சன் தலைமைப் பொறுப்பில் 107 டெஸ்டுகளில் 93 வென்றார். அவர் எந்த சூப்பர் ரக்பி அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததே இல்லை.

அப்படியானால் உள்நாட்டு வெற்றி ஒன்றுக்கும் உதவாதா? பிரான்ஸைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். துலூஸ் அணிக்கு நான்கு ஐரோப்பியக் கோப்பைகள் வாங்கிக் கொடுத்த கி நோவெஸ், பிரெஞ்சுக் கழக ரக்பியின் கடவுள். தேசிய அணியில் 21 ஆட்டங்கள், 7 வெற்றிகள். 2017 நவம்பரில் ஜப்பானோடு 23-23 என்று சமன் செய்ததற்கு அடுத்த மாதமே நீக்கப்பட்டார். அவர் வழக்குப் போட்டு இழப்பீடு வாங்கியது தனிக்கதை. ஆனால் அதே பிரான்ஸில் ஃபாபியன் கால்தியேவும் கழகங்களிலிருந்து வந்தவர்தான். 2022இல் ஆறு நாடுகள் போட்டியில் ஐந்து ஆட்டங்களையும் வென்று கிராண்ட் ஸ்லாம் எடுத்தார். இருவருக்கும் நடுவே மாறியது ஒப்பந்தம். கால்தியே காலத்தில் கழகங்களோடு கூட்டமைப்பு பேசி முடித்து, ஆறு நாடுகள் போட்டியின்போது 42 ஆட்டக்காரர்கள் வரை பயிற்சிக்குக் கிடைக்கும்படி செய்தது. நோவெஸுக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை.

அயர்லாந்தின் டெக்லன் கிட்னி இன்னும் தெளிவான சாட்சி. மன்ஸ்டர் அணிக்கு 2006, 2008 ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். நேராகத் தேசிய அணிக்கு வந்தார். 2009இல் கிராண்ட் ஸ்லாம். அயர்லாந்து அதற்கு முன் அதை வென்றது 1948இல். மன்ஸ்டர் ஆடிய உள்நாட்டு ரக்பி என்பது பாதி வெளிநாட்டு ரக்பி. லெஸ்டர், துலூஸ், பியாரிட்ஸ் என்று எதிரிகள். மழை, சேறு, பகைமையான கூட்டம், ஒரே தோல்வியில் வெளியேற்றம். அந்த வீரர்களும் தேசியச் சங்கத்தின் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். கிட்னி கற்ற பாடமும் எழுதிய தேர்வும் ஒன்றாக இருந்தன. 2020க்குப் பிறகான சூப்பர் ரக்பிக்கும் டெஸ்ட் ரக்பிக்கும் அந்த ஒட்டுறவு இல்லை.

ஆகவே என் கட்சி இதுதான். உள்நாட்டுப் பயிற்சியாளருக்குத் தேசிய அணியை நடத்தும் தகுதி தாராளமாக இருக்கலாம். ஆனால் அவர் வாங்கிய பட்டங்களை எண்ணி அதைக் கண்டுபிடிக்க முடியாது. நேர்காணல் அறையில் நான் இருந்தால் கோப்பைகளைப் பற்றிக் கேட்கவே மாட்டேன். உமக்குப் பழக்கமில்லாத ஆட்டத்தை ஆடும் எதிரியிடம் எங்கே தோற்றீர், அடுத்த வாரம் என்ன மாற்றினீர், உம்மிடம் இல்லாத அறிவு உள்ளவர் யாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வீர் என்று கேட்பேன். எராஸ்மஸ் தென்னாப்பிரிக்கப் பொறுப்புக்கு வருமுன் மன்ஸ்டரில் இருந்தார். இங்கிலாந்தின் ஸ்டீவ் போர்த்விக்கை லெஸ்டருக்குப் பட்டம் வென்ற உள்நாட்டுக்காரர் என்று சொல்வார்கள். அவர் அதற்கு முன் ஜப்பானிலும் இங்கிலாந்திலும் ஜோன்ஸின் பக்கத்தில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவர் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். ஜேமி ஜோசப் 2015இல் ஹைலேண்டர்ஸுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தபின் ஜப்பானுக்குப் போய், 2019 உலகக்கோப்பையில் அவர்களை முதன்முறையாகக் காலிறுதிக்குக் கொண்டு போனார். இவர்கள் எல்லோரும் உள்நாட்டில் உருவானவர்கள்தான். இடையில் வேறு ஒரு தண்ணீரையும் குடித்தவர்கள்.

என் கான்டர்பரி நண்பருக்கு இதில் உடன்பாடு இல்லை. ராபர்ட்சனுக்கு 2019இலேயே வேலை கொடுத்திருந்தால், மோ'உங்காவும் ஒயிட்லாக்கும் கையில் இருந்தபோது கொடுத்திருந்தால், கதையே வேறு என்கிறார். இதில் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் இந்தச் சண்டை முடியாமல் இழுக்கிறது. 2019இல் அவர் தென்னாப்பிரிக்க அணிகளோடு மோதி வென்ற கை சூடு ஆறாதவர். 2024இல் வந்தவர் நான்கு ஆண்டுகளாக அந்தப் பக்கமே போகாதவர். நிர்வாகம் காத்திருக்க வைத்த காலத்தில் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை; அவரும் போகவில்லை. கிரைஸ்ட்சர்ச்சிலேயே இருந்து இன்னும் நான்கு கோப்பைகளைச் சேர்த்தார்.

இப்போது நான் கவனித்துக்கொண்டிருப்பவர் கிளேட்டன் மெக்மில்லன். சீஃப்ஸ் அணியோடு 2023, 2024, 2025 என மூன்று இறுதிப்போட்டிகளில் தொடர்ந்து தோற்றவர். மாவோரி மரபினரின் அணியான மாவோரி ஆல் பிளாக்ஸின் பயிற்சியாளராக, 2022இல் ஹாமில்டனில் அயர்லாந்தை 32-17 என்று வென்றவரும் அவரே. ஆல் பிளாக்ஸ் தொடரை இழந்த அதே அயர்லாந்துச் சுற்றுப்பயணத்தில். 2025இல் சீஃப்ஸை விட்டுவிட்டு மன்ஸ்டருக்குப் போயிருக்கிறார். சூப்பர் ரக்பி பட்டங்கள்: பூஜ்யம். இந்தப் பெயரை அலுவலகத்தில் சொன்னபோது எதிர்மேசைக்காரர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “மூன்று முறை தோற்றவரா?” என்று கேட்டார். மூன்றில் முதலாவது யாரிடம் என்று திருப்பிக் கேட்டேன். குருசேடர்ஸிடம்தான். அதற்குமேல் அன்றைக்கு அவரோடு பேச்சு நடக்கவில்லை.